ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டுவதும் மைலேஜ் திரை கூட்டிக் காட்டுவதும் ஒன்றல்ல

ஜிபிஎஸ் 95 காட்டும்போது ஸ்பீடோமீட்டர் 100 காட்டுகிறது என்று தெரிந்ததும் பலர் உடனே ஒரு கணக்குப் போடுகிறார்கள். வேகத்தையே ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. அப்படியானால் ஓடிய தூரமும் ஐந்து சதவீதம் கூடத்தான் இருக்கும். ஆகவே மைலேஜும் அதே அளவுக்குப் பொய். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. வேகம், தூரம், மைலேஜ் மூன்றும் ஒரே சக்கரத்தின் சுழற்சியில்தான் தொடங்குகின்றன. டாஷ்போர்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்றும் மூன்று வழியாகப் பிரிந்துவிடுகின்றன. வேகத்தில் இருக்கும் பிழையில் பெரும்பகுதி தெரிந்தே சேர்க்கப்பட்டது. தூரத்தில் இருப்பது டயரால் வருவது. மைலேஜில் இருப்பதோ பெரும்பாலும் எரிபொருளைக் கணக்கிடும் முறையால் வருவது. இவற்றைத் தனித்தனியாக அளந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

சக்கரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய ஸ்பீடோமீட்டரில் கியர்பாக்ஸிலிருந்தோ முன்சக்கரத்திலிருந்தோ ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டருக்கு வரும். அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதை மூடியபடி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுவையும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷுல்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும், சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். ஆனால் அதே கேபிளில் இயங்கி, ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்குக் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை, வெறும் பற்சக்கரங்கள்தான். அந்தக் காலத்திலேயே வேகப் பிழையும் தூரப் பிழையும் வேறு வேறாகத்தான் இருந்தன.

இன்றைய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சார் அந்த வேலையைச் செய்கிறது. வீல் ஹப்பில் பல் வளையமோ காந்த வளையமோ இருக்கும். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 மின்துடிப்புகள். கணினிக்குச் சாலை தெரியாது. அதற்குத் தெரிவது துடிப்பின் எண்ணிக்கையும், ஒரு சுற்றுக்குச் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று அதற்குள் எழுதி வைக்கப்பட்ட ஒரே ஒரு எண்ணும்தான். அந்த எண்ணுக்கும் உங்கள் டயருக்கும் உள்ள வித்தியாசமே ஓடோமீட்டரின் பிழை.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 205/55 ஆர்16 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 205 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 112.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 225.5. ரிம் 16 அங்குலம், 406.4 மி.மீ. மொத்த விட்டம் 631.9 மி.மீ., சுற்றளவு சுமார் 1985 மி.மீ. வண்டியின் எடை ஏறியபின் ஒரு சுற்றில் அது உண்மையில் கடப்பது இதைவிட ஏறத்தாழ மூன்று சதவீதம் குறைவு, 1930 மி.மீ. பக்கத்தில். ஆகவே டயர் அளவை வைத்துப் போடும் கணக்கு இரண்டு டயர்களை ஒப்பிட உதவுமே தவிர, உண்மைத் தூரத்தைத் தராது.

காற்று குறைந்தால் ஸ்பீடோமீட்டர் தாறுமாறாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரேடியல் டயருக்கு இது பொருந்தாது. டிரெட்டுக்கு, அதாவது சாலையைத் தொடும் ரப்பர்ப் பகுதிக்குக் கீழே இருக்கும் எஃகுப் பட்டை கிட்டத்தட்ட நீளாது, சுருங்காது. காற்று குறையும்போது அச்சுக்கும் சாலைக்கும் இடையிலான உயரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஆனால் அந்தப் பட்டையின் சுற்றளவு அப்படியேதான் இருக்கிறது. டாங்கியின் சங்கிலித் தடத்தை நினைத்துக்கொண்டால் புரியும்: தடம் எந்த வடிவத்தில் வளைந்தாலும் ஒரு முழுச் சுற்றில் அதன் நீளம்தான் தரையில் விரிகிறது. டயர் அவ்வளவு கறாராக நடப்பதில்லை என்றாலும், காற்றழுத்தம் கணிசமாகக் குறைந்தாலும் உருளும் சுற்றளவில் வரும் மாற்றம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை எட்டாது. தனிச் சென்சார் இல்லாமல், நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும் வண்டிகள் இந்தச் சின்ன மாற்றத்தைத்தான் தேடுகின்றன.

தேய்மானம் அப்படியல்ல. புது டயரில் டிரெட் ஆழம் சுமார் 8 மி.மீ. பல நாடுகளின் குறைந்தபட்ச வரம்பு 1.6 மி.மீ. இடையில் ஆரத்தில் குறைவது 6.4 மி.மீ.; 316 மி.மீ. ஆரத்தில் அது இரண்டு சதவீதம். சுற்றளவு குறையக் குறைய அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதல் முறை சுற்றும், ஓடோமீட்டரும் கூடுதலாக எண்ணும். புது டயரில் சரியாக இருந்த ஓடோமீட்டர் டயர் மாற்றும் காலம் வரும்போது அதிகபட்சம் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டலாம். பழுது எதுவும் இல்லாமலே நடப்பது இது.

சரி, தூரத்தின் பிழை ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றால் வேகத்தில் மட்டும் ஐந்து சதவீதம் எங்கிருந்து வந்தது? ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை எண் 39-இல் இருந்து. அது சொல்வது இரண்டே விஷயம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டினால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும்தான் எல்லை. உண்மை வேகம் 50 என்றால் 59 வரை காட்டலாம், 80-க்கு 92, 100-க்கு 114, 120-க்கு 136. ஒரு மாடலை விற்பனைக்கு அனுமதிக்கும் வகை ஒப்புதலுக்கான சோதனையில் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் எந்த நல்ல மீட்டரும் எல்லையைத் தொடுவதில்லை. ஆனால் விதி ஒரு பக்கம் பூஜ்யத்தையும் மறுபக்கம் தாராளத்தையும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த டயர்களிலேயே பெரியதை, அதுவும் புதிதாகப் போட்டாலும் மீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது. டயர் உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கத்துக்கும் இடம் விட வேண்டும். ஆகவே மீட்டர் பலகைக்குள் இருக்கும் மென்பொருள் வந்து சேரும் வேகத்துடன் சில சதவீதத்தையோ, ஓரிரு கிலோமீட்டரையோ, இரண்டையுமோ கூட்டித்தான் முள்ளுக்கு அனுப்புகிறது.

ஓடோமீட்டருக்கு அந்தக் கூட்டல் போவதில்லை. அது கூட்டாத துடிப்பையே எண்ணுகிறது. முதலில் சொன்ன கணக்கு தவறாவது இந்த இடத்தில்தான்.

அளக்கும் முறை

தூரத்தை முதலில் அளக்க வேண்டும். டயர் எவ்வளவு பிழையைத் தருகிறது என்பதைத் தூரம் மட்டுமே கலப்படமில்லாமல் சொல்லும். திறந்த வானம் தெரியும் நெடுஞ்சாலையில், நிற்காமல் குறைந்தது 50 கி.மீ. ஓடுங்கள். டிரிப் மீட்டர் 0.1 கி.மீ. அளவில்தான் நகரும் என்பதால் 10 கி.மீ. ஓட்டத்தில் அதுவே ஒரு சதவீதப் பிழையாகிவிடும்; 50 கி.மீ. என்றால் 0.2 சதவீதம். ஜிபிஎஸ் செயலியின் தூரக் கணக்கிலும் இரண்டு ஓட்டை உண்டு. வளைவுகளில் அது புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போட்டுத் தூரத்தைக் குறைக்கும். சிக்னலில் நிற்கும்போது இடம் அங்குமிங்கும் ஆடுவதால் ஓடாத தூரத்தைச் சேர்க்கும். நகருக்குள் அளந்தால் இரண்டும் கலந்து, எது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை நம்புவதானால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அளக்காதீர்கள். தனிக் கல் இடம் மாறி நடப்பட்டிருக்கலாம். இருபது முப்பது கற்களைத் தாண்டினால் அந்தப் பிழை கரைந்துவிடும்.

வேகத்தை அளக்கும்போது மீட்டரையும் ஜிபிஎஸ்ஸையும் பார்த்துக் குறிப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. ஓட்டுபவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது; எந்த அளவீடும் அதற்கு ஈடாகாது. ஜிபிஎஸ் கருவி வேகத்தை இரண்டு இடங்களுக்கு நடுவேயுள்ள தூரத்தை வைத்துக் கணிப்பதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்ற டாப்ளர் விளைவிலிருந்து எடுக்கிறது. அதனால் இடம் சில மீட்டர் தவறினாலும் சீரான வேகத்தில் அதன் வேகக் கணிப்பு வெகு துல்லியம். திறந்த வானத்தில் பிழை மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. வேகம் கூடும்போதும் குறையும்போதும் மட்டும் ஓரிரு வினாடி பின்தங்கும். ஆகவே சமதளத்தில், குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதைப் போட்டு, முள் பத்து வினாடியாவது அசையாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். சரிவைப் பற்றிக் கவலை வேண்டாம். கிடைமட்ட வேகத்தை மட்டும் காட்டும் கருவியிலும் பத்து சதவீத ஏற்றத்தில் வரும் வித்தியாசம் அரை சதவீதம்தான். சுரங்கப்பாதை, அடர்ந்த மரநிழல், உயர்ந்த கட்டடங்களின் நடுவே எடுத்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

ஜிபிஎஸ் இல்லாவிட்டால் நிறுத்தற்கடிகாரம் போதும். 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன வினாடிகளால் வகுத்தால் வேகம்: 45 வினாடி என்றால் 80, 40 என்றால் 90, 36 என்றால் 100.

ஒரே வேகத்தில் அளந்து நிறுத்தாமல் மூன்று வேகத்தில் அளந்துகொள்ளுங்கள்; அதற்குக் காரணம் உண்டு. உதாரணமாக ஜிபிஎஸ் 40 காட்டும்போது மீட்டர் 43, 80-க்கு 85, 120-க்கு 127 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3, 5, 7. வேகத்தோடு வளரும் ஒரு பகுதியும், எந்த வேகத்திலும் மாறாத ஒரு பகுதியும் இதில் கலந்திருக்கின்றன. 40-க்கும் 80-க்கும் நடுவே மீட்டர் 42 நகர்ந்திருக்கிறது, அதாவது ஐந்து சதவீதம் கூடுதல். 40-இன் ஐந்து சதவீதம் 2. மிச்சம் 1 கி.மீ. எப்போதும் கூட்டப்படுவது. இதே வண்டியில் ஜிபிஎஸ் 100 கி.மீ. சொல்லும் தூரத்துக்கு ஓடோமீட்டர் 101.5 காட்டியிருந்தால் டயரின் பங்கு ஒன்றரை சதவீதம். மீதி மூன்றரை சதவீதமும் அந்த 1 கி.மீ.யும் மீட்டர் தெரிந்தே சேர்த்தது. டயரை மாற்றினால் ஒன்றரை மாறும், மூன்றரை மாறாது.

வண்டியின் கணினியோடு பேசப் பட்டறைகள் பயன்படுத்தும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி வேகத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த வேக எண் ஒரே பைட்டில் வருகிறது, 0 முதல் 255 வரை முழு எண்ணாக. 99.4-ம் 99.6-ம் அங்கே தெரியாது. பல வண்டிகளில் அது மீட்டரின் கூட்டல் சேராத வேகம். எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. எனவே அதை உரைகல்லாக எடுத்துக்கொள்ளாமல் அதையும் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வதே சரி.

டயர் அளவை மாற்றுவோர் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். 195/65 ஆர்15-இன் விட்டம் 634.5 மி.மீ. அதே ரிம்மில் 205/65 போட்டால் 647.5, இரண்டு சதவீதம் பெரிது. மேலே சொன்ன வண்டியில் இது ஆபத்தில்லை, மீட்டர் இன்னும் கூட்டியே காட்டும். ஏற்கனவே ஒரு சதவீதம் மட்டும் கூட்டிக் காட்டும் மீட்டராக இருந்தால் இப்போது குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். அபராதச் சீட்டு அப்போதுதான் வரும். பைக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால் செயின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினாலும் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 பல்லுக்கு மாற்றியவுடன் வண்டி அதே மீட்டர் எண்ணில் 7 சதவீதம் வேகமாக ஓடும். வேகம், தூரம் இரண்டும் ஒருசேரக் குறைந்து தெரியும்.

எரிபொருளின் கணக்கு

மைலேஜ் திரையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பெட்ரோல் ஓடும் குழாயில் சாதாரணக் காரில் அளவுமானி எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைத்தோம், அப்போது அழுத்தம் எவ்வளவு, இந்த இன்ஜெக்டர் வழியாக எவ்வளவு போயிருக்க வேண்டும் என்று கணினி தன் கட்டளைகளையே கூட்டி வைக்கிறது. திரையில் தெரிவது கணினி கொடுக்கச் சொன்ன எரிபொருள். உண்மையில் எவ்வளவு போனது என்பதை அது பார்ப்பதில்லை.

இன்ஜெக்டர் ஒன்று தன் பெயரளவைவிட மூன்று சதவீதம் தாராளமாக ஊற்றுகிறது என்று வையுங்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் கூடிவிட்டதைக் கண்டு சொல்லும், கணினி திறக்கும் நேரத்தைக் குறைக்கும், கலவை சரியாகிவிடும். எஞ்சினுக்குக் குறையில்லை. ஆனால் குறைத்த நேரத்தைத்தான் கணக்குப் புத்தகம் எழுதிக்கொள்கிறது, ஆகவே மூன்று சதவீதம் குறைவான பெட்ரோல், மூன்று சதவீதம் கூடுதல் மைலேஜ். இன்ஜெக்டர் அடைத்திருந்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும். இதோடு, வால்வு மின்சாரம் கிடைத்த கணத்தில் திறந்துவிடாது. ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் தாமதம் உண்டு, பேட்டரி வோல்டேஜைப் பொறுத்து அது மாறும். நெடுஞ்சாலையில் திறப்பு நீளம் என்பதால் அந்தத் தாமதம் பொருட்டல்ல. ஐடிலிங்கில் மொத்தத் துடிப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட் என்பதால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். டேங்கில் ஆவியாகி, கரி டப்பாவில் சேர்ந்து, பிறகு எஞ்சினுக்குள் இழுக்கப்படும் பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாகப் போவதே இல்லை. அது திரையின் கணக்கில் வராது.

அடர்த்தியும் இருக்கிறது. கணினி கிராமில் கணக்கிட்டதை லிட்டராக மாற்ற ஒரே ஒரு அடர்த்தி எண்ணை வைத்திருக்கும். ஐரோப்பியத் தரம் பெட்ரோலுக்கு 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 720 முதல் 775 கிராம் வரை இடம் தருகிறது. இரண்டு முனைக்கும் நடுவே ஏழு சதவீதத்துக்கு மேல். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். எத்தனால் கலப்பு வேறு கணக்கு. லிட்டருக்குப் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் சுமார் 21. இருபது சதவீதக் கலப்பில் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைகிறது. இது திரையின் பிழையல்ல, மைலேஜே உண்மையில் குறைவது. ஆனால் ஓபிடி கருவியோடு வரும் செயலிகளில் பல காற்றின் அளவை 14.7-ஆல் வகுத்துப் பெட்ரோலைக் கணிக்கின்றன. 14.7 என்பது கலப்பில்லாத பெட்ரோலுக்கான காற்று விகிதம். இருபது சதவீதக் கலப்புக்கு அது 13.5 அளவில் இருக்கும். அங்கேயே எட்டு ஒன்பது சதவீதம் பெட்ரோல் கணக்கில் விட்டுப்போகும். டீசலில் காற்று எப்போதும் மிகையாக இருப்பதால் அந்த வகுத்தல் அடியோடு உதவாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புதுக் கார்கள் ஆயுள் முழுவதும் எரித்த எரிபொருளை உள்ளே பதிந்து வைக்க வேண்டும். ஆய்வகச் சோதனையில் அந்தப் பதிவு ஐந்து சதவீதத்துக்குள் சரியாக இருந்தால் போதும். சட்டம் போட்டுக் கண்காணிக்கும் இடத்திலேயே அனுமதி ஐந்து என்றால், டாஷ்போர்டு எண் ஐந்து சதவீதம் தள்ளி இருப்பதைக் கோளாறாகப் பார்க்க வேண்டியதில்லை.

உண்மையைப் பிடிக்கப் பங்க்தான் வழி. பங்க் மீட்டருக்கான சர்வதேச வகுப்பில் அனுமதிக்கப்பட்ட பிழை 0.5 சதவீதம், வண்டிக்குள் இருக்கும் எதைவிடவும் அது மேல். டேங்கை நிரப்பி, நாசில் தானாக நிற்கும் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். நாசில் முனையில் இருக்கும் சின்னத் துளையை நுரையோ பெட்ரோலோ மூடியதும் வெட்டு விழுகிறது. ஊற்றும் வேகம், வண்டி நிற்கும் சாய்வு, நுரை எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் ஓரிரு லிட்டர் முன்பின் ஆகும். நாற்பது லிட்டரில் ஒரு லிட்டர் என்றாலே இரண்டரை சதவீதம். ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் மைலேஜை நான் ஏற்பதில்லை.

ஐந்து டேங்க் ஓட்டுங்கள். நடுவில் நிரப்பியவை முன்பின் ஆனாலும் பாதகமில்லை. ஒரு முறை குறைந்தது அடுத்த முறை கூடிவிடும். முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டும் ஒத்திருக்க வேண்டும்; அதற்காக அந்த இரண்டும் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கும்படி நடக்கட்டும். 200 லிட்டரில் ஒரு லிட்டர் அரை சதவீதம்தான்.

இப்போது ஒன்றரை சதவீதத் தூரப் பிழை உள்ள அதே வண்டிக்குக் கணக்குப் போடுவோம். ஓடோமீட்டர் 3060 கி.மீ.; 1.015-ஆல் வகுத்தால் உண்மைத் தூரம் 3015. பங்க் ரசீதுகளின் கூட்டல் (தொடக்கத்தில் நிரப்பியதைச் சேர்க்காமல்) 190 லிட்டர். உண்மை மைலேஜ் லிட்டருக்கு 15.9 கி.மீ. அதே காலத்துக்குத் திரை காட்டிய சராசரி 16.9. திரை தன் தூரமான 3060-ஐ 16.9-ஆல் வகுத்தால் அதன் மனதில் இருந்த பெட்ரோல் 181 லிட்டர். ஒன்பது லிட்டர் விட்டுப்போயிருக்கிறது. மொத்தம் ஆறரை சதவீதம் மிகை. அதில் டயரின் பங்கு ஒன்றரை, எரிபொருள் கணக்கின் பங்கு ஏறக்குறைய ஐந்து. ஸ்பீடோமீட்டரின் மூன்றரை இதில் எங்குமே இல்லை. சில கார்களில் பட்டறையின் டயக்னாஸ்டிக் கருவியால் திரையின் எரிபொருள் கணக்கைச் சில சதவீதம் திருத்த முடியும். அங்கே போட வேண்டியது அந்த ஐந்து, ஆறரை அல்ல.

சராசரி எடுக்கும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. 100 கி.மீ. லிட்டருக்கு 20 வீதம், அடுத்த 100 கி.மீ. 10 வீதம் ஓடினால் சராசரி 15 இல்லை. ஐந்தும் பத்தும் பதினைந்து லிட்டர். 200-ஐ வகுத்தால் 13.3. டேங்குக்கு டேங்க் மைலேஜை எழுதி அவற்றைக் கூட்டி வகுப்பவர்கள் பல நேரம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுவார்கள். தூரத்தைத் தனியாக, லிட்டரைத் தனியாகக் கூட்டுங்கள்.

உடனடி மைலேஜ் ஓட்டும் பழக்கத்தைத் திருத்த உதவும், கணக்குக்கு உதவாது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், திரை 99.9-ஓ வெறும் கோடுகளோ காட்டும், அது உண்மையும்கூட. நின்று ஐடிலிங்கில் இருந்தால் பூஜ்யம். இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்ற எண், கடைசியாக ஓடிய தூரத்தின் சராசரி மைலேஜை, டேங்குக்குள் இருக்கும் மிதவை சொல்லும் லிட்டரோடு பெருக்கி வருவது. நெடுஞ்சாலையிலிருந்து நெரிசலுக்குள் நுழைந்ததும் அது கடகடவென்று விழுவதற்குக் காரணம் இதுதான். அது 50-க்குக் கீழே போனால் கணக்குப் பார்க்காமல் பங்க் தேடுங்கள்.

புது டயர் போட்ட பின் முதலில் 50 கி.மீ. தூரச் சோதனையை மறுபடி செய்து, பழைய ஒன்றரை சதவீதத்தை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாதவர்களுக்குப் புது டயரில் ‘மைலேஜ் குறைந்துவிட்டது’ என்று தோன்றும். அதில் ஒன்றிரண்டு சதவீதம், தேய்ந்த டயர் இத்தனை நாளாகக் கூட்டி எண்ணிய தூரம்.